காட்டூர் வீட்டு அட்வான்ஸ்

"டோக்கன் அட்வான்ஸைத் திருப்பித் தர்ற வழக்கம் இல்லைங்களேம்மா," என்றார் மன்னார்புரம் வீட்டு புரோக்கர் தர்மராஜ்.

எதிரே சித்ராதேவி உட்கார்ந்திருந்தாள். புருஷனை விட்டுத் தனியாக இருந்துகொள்ளலாம் என்றுதான் காட்டூரில் அந்தச் சின்ன வீட்டைப் பேசி முடித்திருந்தாள். அவனுக்கு அது தெரியாது.

"மனசை மாத்திக்கிட்டேங்க. அவரோடயே இருந்துடறேன். ஒரு வாரமா முகம் கொடுத்துப் பேசறார்."

தர்மராஜ் இளகிவிட்டார். "நல்லதும்மா. சின்ன வீடாக் கேட்டு ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார். அவர் சரின்னா உங்க பணத்தை இப்பவே கொடுத்துடறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், காட்டூர்ல ஒரு வீடு காலியா இருக்கு. எத்தனை பேர் இருப்பீங்க?"

"நான் ஒருத்தன்தாங்க. வீட்ல இன்னும் சொல்லலை. ஒண்ணாந்தேதி வந்துடறேன்."

காலையில், "காபி நல்லாருக்கு சித்ரா" என்று சொன்ன அதே குரல்.

தர்மராஜ் சிரித்த முகத்தோடு பணத்தை எடுத்து நீட்டினார். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை.

"வேண்டாங்க. அந்த வீட்டுக்கு நானே வந்துடறேன்," என்றாள். "அவருக்கு வேற இடம் பார்த்துக் கொடுங்க."