தொட்டிக்குள் ஒரு குமிழி

காற்றடைத்த புது சமையல் கேஸ் சிலிண்டரைச் சோதனைத் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு, லூர்துசாமி அறுபது வரை எண்ணத் தொடங்கினார். அதற்குள் ஒரு குமிழி மேலே வந்தாலும் அந்தச் சிலிண்டர் ஆலையை விட்டு வெளியே போகாது.

நாற்பது எண்ணும்போது, வால்வுக்குள் இருந்த ரப்பர் வளையத்தின் மயிரிழைக் கீறல் வழியே ஒரு குமிழி பிறந்தது. பிறந்ததும் கைப்பிடிக்கு அடியில் ஒட்டிக்கொண்டது.

“அப்படியே இரு கண்ணு,” என்றது சிலிண்டர். “இன்னும் கொஞ்சம் எண்ணினா என்னைத் தூக்கிடுவாரு. நீ மேல போனா என்னைக் கழிச்சுப் போட்டுடுவாங்க. நீயும் உடைஞ்சுதான் போவ.”

அது பொய்யில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது என்று குமிழிக்குத் தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது.

“எனக்குப் பின்னாலயும் என்னை மாதிரி குமிழிங்க வருவாங்களா?”

“ஒண்ணொண்ணா வருவாங்க. வீட்டு அடுப்படியில யாரு பார்க்கப் போறா?”

“அங்க வர்றது காத்து இல்ல, கேஸு,” என்றது குமிழி. “காட்டிக்கொடுக்கத் தண்ணியும் இருக்காது.”

“ஐம்பத்தெட்டு,” என்றார் லூர்துசாமி.

குமிழி பிடியை விட்டது. நேராக மேலேறி, அவர் கண்ணெதிரே உடைந்தது.

அவர் ஐம்பத்தொன்பது சொல்லவில்லை. சிலிண்டரில் பெருக்கல் குறி போடச் சாக்கட்டியை எடுத்தார்.