தெரியாது என்ற கட்டம்

சீனியர் வக்கீலின் மேஜையில் சட்டக் கல்லூரிகளின் பட்டியல் விரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று அவர் போட வேண்டும். அவரைப் போன்ற சிலர் போடுவதை வைத்துத்தான் இந்த வருடத் தரவரிசை. வெயில் பாதித் தாளில் விழுகிறது. தான் படித்ததைத் தவிர வேறெந்தச் சட்டக் கல்லூரி வாசலையும் மிதிக்காதவர் மடமடவென்று எண்களை எழுதிக்கொண்டே போகிறார். எதிரே, மதியம் அவர் பேசப்போகும் வாதத்தை எழுதிக்கொண்டிருக்கும் ஜூனியர் பெண், பட்டியலைத் தலைகீழாகப் படிக்கிறாள். அவள் தங்கைக்கு அவள் படித்த கல்லூரியிலேயே இது கடைசி வருடம். தரவரிசையில் இறங்கினால் வேலைக்கு ஆள் எடுக்க யாரும் அங்கே எட்டிப் பார்க்கமாட்டார்கள். ஒரு பெயரில் சீனியரின் பேனா நிற்கிறது. “இது எங்கம்மா இருக்கு? கேள்விப்பட்டதே இல்லையே.” “நான் படிச்ச காலேஜ், சார்.” “அட, சொல்லவே இல்லை?” “மூணு தடவை சொல்லிட்டேன் சார். ‘தெரியாது’ன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் பண்ணிடலாமே. கணக்குல சேராது.” “முப்பது வருஷ சர்வீஸ்ல எனக்குத் தெரியாதுன்னு எழுதிக் குடுக்கணுமா? நல்லா இருக்கே!” இரண்டு என்று எழுதுகிறார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அதை மூன்றாகத் திருத்துகிறார். “உனக்காகத்தான்” என்கிறார். பதிலுக்காகக் காத்திருக்கிறார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “ரொம்ப தேங்க்ஸ், சார்” என்கிறாள்.