ஜன்னல் இல்லாத பக்கம்

"இது சுவர் இல்ல அங்கிள். அவமானம்!"

ஷாமலா பேனாவை நீட்டினாள். வலன்ரைன் தன் த்ரீவீலர் சீட்டில் பேப்பரை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஏழாவது கையெழுத்து. அந்தச் சின்ன ரோட்டில் இருப்பதே ஏழு வீடுகள்தான்.

ஏழுக்கும் மேலே, மேட்டில், சாஹுல் ஹமீதின் புது வீடு முடியும் தறுவாயில் இருந்தது. பூசாத செங்கல் வீடு. நடுவில் வானம் தெரிய ஒரு முற்றம். வயல் பக்கம் தரையிலிருந்து கூரை வரைக்கும் கண்ணாடி. கராம்பு மரங்கள் பக்கம் காற்று வர ஓட்டை ஓட்டையாக அடுக்கிய செங்கல். ஏழு வீடுகள் பக்கம் மட்டும் இரண்டு மாடி உயரத்துக்கு மொட்டைச் சுவர்.

"கேட்டுல தொங்குற வீட்டுப் படத்தைப் பாத்தீங்களா? இந்தப் பக்கம் எவ்வளவு பெரிய ஜன்னல்!" என்றாள் ஷாமலா.

"நம்ம மூஞ்சியைப் பாத்த பொறகுதானே மூடினாங்க. தகரக் கூரையும் கொடியில காயிற துணியும் பெரிய ஆளுங்களுக்குக் கண்ணுல குத்தும்."

"பிளேனுக்கு மாறாக் கட்டியிருக்காங்க. ஜன்னலைத் திறக்கிற வரைக்கும் சேர்டிபிகேட் குடுக்காதீங்கன்னு எழுதியிருக்கேன். நாளைக்கு பிரதேச சபையில குடுத்தா, குடி வர முடியாது."

வீட்டு வாசலில் அம்மா மேபல் மறித்தாள்.

"அவங்க செங்கல், அவங்க சுவர். ஒனக்கு என்னாடி?"

"அம்மா, இப்படி அடங்கி அடங்கியே போயித்தான் நம்மள யாரும் மதிக்கிறதில்ல."

"பேராதனை கேம்பஸுக்கு அனுப்பினது படிக்கவா, வாய் வளக்கவா? போ, போயி சண்டை பிடி. நான் குளிச்சிட்டு வர்றேன்."

மேபல் சவர்க்காரப் பெட்டியோடு, ஊர்ப் பெண்கள் குளிக்கும் தண்ணீர்ப் பீலிக்கு நடந்தாள்.

மேட்டு வீட்டின் கீழ்த் தளத்தில் சாஹுல் ஹமீதின் மனைவி மஸாஹிரா இருந்தாள். சீமெந்து மூட்டைகளுக்கு நடுவில் ஒரே ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதை இழுத்துப் போட்டாள்.

"இரிங்க மகள். பிளேன்டீ ஊத்தவா?"

"வேணாம் ஆன்ட்டி. எங்க பக்கம் ஏன் ஜன்னல் இல்ல?"

மஸாஹிரா கொஞ்சம் தடுமாறினாள். "மழைச் சாரல் அடிக்கும் மகள். அதான்."

"சாரல் வயல் பக்கத்தில இருந்துதானே வருது? அங்க முழுக்கக் கண்ணாடி போட்டிருக்கீங்களே!"

மஸாஹிரா கதிரையில் படிந்த சீமெந்துத் தூசியைத் துடைத்தாள்.

"அப்ப, எங்களப் பாக்கப் பிடிக்கல. நேரா சொல்லிடுங்க ஆன்ட்டி. நான் கோவிக்க மாட்டேன்."

கோபம் ஏற்கெனவே மூக்கு நுனியில் நின்றது. பெட்டிசனை விரித்துக் காட்டினாள். மஸாஹிரா முழுவதையும் வாசித்தாள்.

"இதைக் குடுத்தா எங்களுக்கு டிசம்பர்ல குடி வர ஏலாது மகள். வாடகை வீட்டுக்காரரு எழும்பச் செல்லிட்டாரு."

"அப்ப ஜன்னலைத் திறங்க."

மஸாஹிரா பெட்டிசனைத் திருப்பிக் கொடுத்தாள். "மேல வாங்க."

கைப்பிடி இன்னும் போடாத படி. மேல் அறையில் மேசன் பாஸ், சாரக்கம்பு சொருகியிருந்த கடைசி ஓட்டையை அடைக்கக் கலவையோடு நின்றார்.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க பாஸ். வெளிய நில்லுங்க," என்றாள் மஸாஹிரா. அவர் போனதும் ஷாமலாவிடம், "பாருங்க," என்றாள்.

ஷாமலா அந்த இரண்டு செங்கல் அளவு ஓட்டையில் கண்ணை வைத்தாள். நக்கிள்ஸ் மலை முழுசாகத் தெரிந்தது. உச்சியில் மேகம் கழன்றுகொண்டிருந்தது.

"ஐயோ, எவ்வளவு அழகு! இந்த மலையையே மூடுறீங்கன்னா, எங்க மேல எவ்வளவு வெறுப்பு இருக்கணும்!"

"இந்த மலைக்காகத்தான் இவரு இந்தக் காணியை வாங்கினாரு. ஜன்னல் கேட்டதும் நான்தான்." மஸாஹிராவின் குரல் தணிந்தது. "மலையைப் பாத்தது போதும் மகள். கீழ பாருங்க."

ஷாமலா கீழே பார்த்தாள்.

வாழை மரங்களுக்குப் பின்னால் பீலி. ரோட்டில் நின்றால் யாருக்கும் தெரியாத இடம். இங்கிருந்து கைக்கெட்டும் தூரம் போல் இருந்தது. அதன் அடியில், நெஞ்சுக்கு மேல் கட்டிய ஒற்றைத் துணியோடு, தலை முழுக்க நுரையோடு, கண்ணை மூடி ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஒரு பெண்.

அம்மா.

ஷாமலா சட்டென்று கண்ணை எடுத்தாள். காது சுட்டது.

"கூரை போட்ட அன்டைக்கு மலையைப் பாக்கத்தான் இங்க வந்து நின்டேன்," என்றாள் மஸாஹிரா. "பாத்திட்டு இவருகிட்ட ஒண்ணுதான் செல்லினேன். இந்தப் பக்கம் சுவர் வைங்கன்டு."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி? ஊரே உங்களைத் திட்டுது."

"செல்லினா? நாளையில இருந்து அந்தப் பொம்புளைங்க மேல பாத்துப் பாத்துக் குளிப்பாங்க மகள்."

ஷாமலா பெட்டிசனை நான்காக மடித்தாள். வாசலில் நின்ற பாஸிடம், "அடைச்சிடுங்க பாஸ். இப்பவே," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

கீழே த்ரீவீலரோடு வலன்ரைன் காத்திருந்தார்.

"என்ன கேம்பஸ், ஜன்னல் வருதா?"

"இல்ல அங்கிள். பெட்டிசனும் குடுக்கல."

"அட! ஒரு பிளேன்டீயில மடக்கிட்டாங்களா ஒன்ன? காரணமாச்சும் சொன்னாங்களா?"

ஈரத் தலையைத் துவட்டியபடி, பீலிப் பக்கமிருந்து மேபல் வந்துகொண்டிருந்தாள். பாட்டு இன்னும் முடியவில்லை.

"சாரல் அடிக்குமாம் அங்கிள்," என்றாள் ஷாமலா.