வெயிலுக்கு முதுகு காட்டியவள்

எப்போதோ கேட்ட அந்த 'க்ளிக்' இன்னும் காதில் இருக்கிறது. அது தணிகாசலத்தின் ஃபிலிம் கேமராவின் சத்தம். வெயில் எடுப்பவரின் முதுகில் இருக்க வேண்டும், நிற்பவரின் முகத்தில் விழ வேண்டும் என்பது அதன் விதி. அவர் மனைவி பூரணிக்கோ வெயிலைப் பார்த்தால் கண்ணில் நீர் வழியும். அதனால் அவளுக்குப் படமே இல்லை.

ஒருநாள் மொட்டைமாடியில் சேலை உலர்த்தியவள், வெயிலுக்கு முதுகு காட்டித் திரும்பி, "இப்ப எடுங்களேன்" என்று சிரித்தாள். அவர் எடுத்துவிட்டார்.

பக்கத்தில் கிடந்த, வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி கேமராவைப் பார்த்து முள்ளை ஆட்டிச் சிரித்தது. "போச்சு ஓய் உம்ம மானம்! முகம் அடுப்புக்கரியா வரும். ஃபிலிம் கழுவுறவன் கடைத்தெரு முழுக்கச் சொல்லுவான்."

கேமரா கூசிப்போனது.

"அதைக் கேட்காதீங்க அண்ணே," என்றது உள்ளேயிருந்த ஃபிலிம். "முகம் கொஞ்சம் இருட்டுதான். ஆனா முடியோரமெல்லாம் வெளிச்சம். அந்தச் சிரிப்பு அப்படியே எங்கிட்ட இருக்கு."

"உனக்கு வெட்கமில்லை, எனக்கு இருக்கு," என்ற கேமரா, தன் பின்மூடியின் கொக்கியை மெல்ல நழுவவிட்டது. வெயில் உள்ளே பாய்ந்தது. ஃபிலிம் அதற்குப் பிறகு பேசவில்லை.

கழுவி வந்த சுருள் முழுக்கக் கறுப்பு.

"விளையாட்டுக்குச் சொன்னேன் ஓய்," என்றது ஒளிமானி.

"போகட்டும், இன்னொரு நாள் எடுத்துக்கலாம்," என்றாள் பூரணி. கேமராவால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அந்த ஐப்பசியில் பூரணி காய்ச்சலில் இறந்துபோனாள். படத்துக்குப் போட வேண்டிய மாலையைக் குத்துவிளக்குக்குப் போட்டார்கள்.