முழங்கைப் பூட்டு

முதல் குத்திலேயே மலையின் உதடு கிழிந்தது. வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிவிட்டு, அவன் வெல்டருக்குத் தலை குனிந்து வணங்கினான்.

மாஸ்டர் முகம் சுளித்தார். பழைய ஜப்பானிய முறைக் கராத்தே சொல்லித்தரும் பள்ளி அது. கையுறை கிடையாது. ஆனால் முகத்தில் மட்டும் குத்தக் கூடாது என்பது அங்கே முதல் நாள் பாடம். கைதவறிப் பட்டிருக்கும் என்று எண்ணி, வெல்டரை எச்சரித்துவிட்டுப் பெல்ட் தேர்வுச் சண்டையைத் தொடரச் சொன்னார்.

கைதவறவெல்லாம் இல்லை. இந்த ஒரு குத்துக்காக வெல்டர் இரண்டரை வருடம் காத்திருந்தான்.

மலை மார்க்கெட்டில் லோடு இறக்குபவன். உடம்பைப் பார்த்துக் கூட்டாளிகள் வைத்த பெயர் அது. லாரி நிறுத்துவதில் கிளம்பிய வாய்த்தகராறில் அவன் விட்ட ஒரே அறையில், வெல்டரின் தம்பி சரக்கு மேடையிலிருந்து மல்லாக்க விழுந்தான். கீழே கிடந்த இரும்புச் சட்டத்தில் இடுப்பு மோதியது. அன்றோடு காலிரண்டும் மரத்துப்போயின. கால் வழுக்கி விழுந்தான் என்று பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வாயாகச் சொல்லிவிட, போலீஸ் பிடித்துப்போன மலை இரண்டாம் நாளே வெளியே வந்துவிட்டான்.

தாயும் தகப்பனும் இல்லாமல், வெல்டர் தோளில் போட்டு வளர்த்த தம்பி. அவனுக்கு மூத்திரத் துணி மாற்றும்போதெல்லாம் மலையை வெட்டிப் போட்டுவிடலாம் போலிருக்கும். போட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனால் தம்பியை யார் பார்ப்பது? அந்தச் சமயத்தில்தான், மலை சாயங்காலங்களில் கராத்தே கற்கப் போகிறான் என்று காதில் விழுந்தது. தெருவில் அடித்தால் கேஸ். பள்ளிக்குள் அடித்தால் பயிற்சி. வெல்டர் மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டான்.

மலைக்கு அவனை அடையாளம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் இத்தனை நாளில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெல்ட் தேர்வில்தான் மாஸ்டர் முதன்முறையாக இருவரையும் ஜோடி சேர்த்திருந்தார்.

வெல்டர் மறுபடி பாய்ந்தான். விலாவில் ஓர் உதை, தொடையில் ஓர் உதை, திரும்பவும் அதே விலாவில். உள்ளே ஏதோ முறிந்தது அவன் காலுக்கே தெரிந்தது. மலை முடிந்ததைத் தடுத்தானே தவிர, ஓர் அடிகூடத் திருப்பித் தரவில்லை. பயம் பிடித்துக்கொண்டது என்று வெல்டர் நினைத்தான். அந்த நினைப்பே அவனுக்குக் கள் குடித்த மாதிரி ஏறியது.

கட்டிப் புரண்டபோது மலை அவன் காதோரம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்.

“எங்க வேணா அடிங்கண்ணே. கையை மட்டும் விட்டுருங்க. எனக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு.”

மூட்டை தூக்கிப் பிழைப்பவனுக்குக் கை போனால் சோறு போயிற்று. எங்கே அடிக்க வேண்டும் என்று எதிரியே வாய்விட்டுச் சொன்ன பிறகு வெல்டருக்கு வேறென்ன வேண்டும்?

மலையின் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினான். ஆயிரம் தடவை வெறும் காற்றில் பழகிய பூட்டுப் பிடி அது. நிறுத்தச் சொல்லி மாஸ்டர் கத்தியது நன்றாகவே கேட்டது. கேட்ட பிறகுதான் முழங்கை மூட்டின் மேல் தன் முழு எடையையும் இறக்கினான். காய்ந்த கொம்பு ஒடிவது போல ஒரு சத்தம்.

மலை மண்டியிட்டு உட்கார்ந்தான். விலா முறிந்தபோது முனகக்கூட இல்லாதவன், தொங்கிப்போன கையைப் பார்த்துக் குழந்தை மாதிரி அழுதான்.

மாஸ்டர் வெல்டரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“பெல்ட்டைக் கழட்டி வச்சுட்டுப் போ. இனிமே இந்தப் படி ஏறாதே.”

வெல்டர் கழற்றி வைத்தான். வந்த வேலை முடிந்துவிட்டது. வீடு வரை கால் தரையில் பாவவில்லை.

கதவைத் திறந்தால், தம்பி கட்டிலை விட்டு இறங்கிச் சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தவன், இன்றைக்குத்தான் துணையில்லாமல் எழுந்திருக்கிறான். மத்தியானம் தோறும் ஆஸ்பத்திரியிலிருந்து ஓர் ஆள் வந்து நடை பழக்குவதாகச் சொல்லியிருந்தான். அந்நேரம் பட்டறையில் இருக்கும் வெல்டர் அந்த ஆளைப் பார்த்ததில்லை. பார்த்தால் காலில் விழுந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்து வைத்திருந்தான்.

சந்தோஷத்தில் அவனுக்குப் பேச்சு குழறியது. நடந்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். குத்தியது, உதைத்தது, மலை அழுதது.

“வலது கையை ஒடிச்சுட்டேன்டா. உன்னை அறைஞ்ச கை. இனி ஜென்மத்துக்கும் எவனையும் அறையாது.”

தம்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு அணைந்தது. சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தான். எங்கே வலிக்கிறது என்று அண்ணன் பதறிப்போய்க் கேட்டான். தூக்க வந்த கையைத் தம்பி தட்டிவிட்டான்.

“ஆஸ்பத்திரியிலேர்ந்து யாரும் வரலைண்ணே. அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் நடந்தேன்.”