அழுகண்ணிக்குக் காவல்

"கொலைகாரி! மறுபடியும் வந்துட்டா பாரு!"

கம்பைத் தூக்கிக்கொண்டு சதுப்புக்குள் ஓடினார் காவல்காரர். ஒரு செருப்பு சேற்றிலேயே மாட்டிக்கொண்டது. அதை எடுக்கக்கூட அவர் திரும்பவில்லை.

கொலைகாரி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். வாயிலிருந்த புல்லை நிதானமாக மென்று முடித்தாள். அவருடைய சொந்தத் தங்கை வளர்க்கும் செவலைப் பசுதான். கிழக்கு மூலையில் வேலிக்கம்பி தளர்ந்திருப்பது அதற்கு அத்துப்படி.

"மாட்டைக் கட்டிப் போடுன்னு எத்தனை வாட்டி சொல்றது உனக்கு?"

தங்கை வேலிக்கு வெளியே இடுப்பில் கை வைத்து நின்றாள். "அது பாட்டுக்குப் புல்லைத் தின்னுது. உன் செடியை என்னண்ணே பண்ணிச்சு? கொசுவையே பிடிச்சுத் திங்கிற ராட்சசியாம், அவளுக்கு எங்க மாட்டைப் பார்த்துப் பயமாக்கும்!"

அவருக்குச் சிரிப்பா வரும்? அந்த ராட்சசியின் பெயர் அழுகண்ணி. சட்டைப் பொத்தான் அகலம்தான் இருப்பாள். சிவந்த இலை முழுக்க மெல்லிய மயிர், மயிருக்கு மயிர் நுனியில் ஒரு சொட்டுப் பசை. தண்ணீர் என்று நினைத்துக் கொசு வந்து உட்கார்ந்தால் அதோடு அதன் கதை முடிந்தது.

ஒரு காலத்தில் ஊர் மாடெல்லாம் மேய்ந்த சதுப்பு அது. அப்போது கால் வைக்க இடமில்லாமல் அழுகண்ணி சிவந்து கிடந்தது. மாடு மிதித்து நாசமாகிறதே என்று இவர்தான் நாயாய் அலைந்து, கேட்டுக் கேட்டு வேலி போட வைத்தார். மேய்ச்சலுக்கு இடமில்லாமல் ஊர் மாடுகள் ஒவ்வொன்றாக விலைபோயின. மிஞ்சியது செவலை மட்டும்தான்.

ஆனால் என்ன சாபமோ, வேலி வந்த பிறகும் செடி குறைந்துகொண்டே போனது. அவரும் என்னதான் செய்யவில்லை? குப்பை பொறுக்கினார், மீன் பிடிக்க வந்தவர்களைத் துரத்தினார், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். புல்தான் இடுப்பளவுக்குப் பச்சைப் பசேலென்று வளர்ந்து நின்றது. செடி போகப் போக, கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

கடைசியில் அழுகண்ணி மிஞ்சியது கிழக்கு மூலையில் மட்டும். பாழாய்ப்போன செவலை நுழைவதும் அதே மூலையில்! மிச்சம் மீதியையும் முடிக்கத்தான் வருகிறது என்று அவர் தீர்மானமே செய்துவிட்டார்.

"ஆராய்ச்சியம்மா இந்த வாரம் வர்றாங்க. செடி இல்லேன்னு எழுதிட்டாங்கன்னா, சதுப்பை மண்ணடிச்சு மூடிக் கிடங்கு கட்டிடுவாங்க. மரியாதையா மாட்டை வித்துடு. இல்லே, நானே பிடிச்சுக் கொடுத்துடுவேன்."

"நீயெல்லாம் ஒரு அண்ணனா?" தங்கையின் குரல் உடைந்தது. "அந்தப் பாலை வச்சுத்தானே எங்க வீட்டுல அடுப்பு எரியுது!"

அவர் மனசைக் கல்லாக்கிக்கொண்டார்.

ஆராய்ச்சியம்மா வந்த அன்று காலையில்தான் செவலை வெளியூர் வியாபாரியின் வண்டியில் ஏறியது. கடைசிவரை சதுப்பைப் பார்த்துக் கத்திக்கொண்டே போனது. காவல்காரர் காதைப் பொத்திக்கொண்டார்.

ஆராய்ச்சியம்மா முட்டளவு பூட்ஸ் போட்டுக்கொண்டு, புல்லை விலக்கி விலக்கித் தேடினார். ஒன்றுகூட இல்லை.

"புல்லு ஏன் இப்படி மண்டிக் கிடக்கு?"

"ஒரு மாட்டை அண்ட விடலீங்களே!" என்றார் காவல்காரர், பெருமை பிடிபடாமல்.

அந்தம்மா கிழக்கு மூலைக்கு வந்ததும் சட்டென்று மண்டியிட்டார். ஒட்ட மேய்ந்த புல்லுக்கு நடுவே குளம்பு பதிந்த குழிகள், குழிகளில் தேங்கிய தண்ணீர். அந்தக் குழிகளின் ஓரத்தில் அழுகண்ணிகள் வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன.

"அப்பாடா, இருக்கு! இருக்குன்னே எழுதிடறேன்," என்றார் ஆராய்ச்சியம்மா. "ஆனா அடுத்த மழைக்கும் வந்து பார்ப்பேன், அப்பவும் இருக்கணும். இதுக்கு நல்லா வெயில் படணும்ங்க. புல்லு உசந்து மூடிடுச்சுன்னா அவ்வளவுதான், செத்துடும்."

காவல்காரர் வேலிப் பக்கம் திரும்பினார். வேலிக்கு வெளியே தங்கை, வெறும் கயிற்றைக் கையில் சுற்றியபடி நின்றுகொண்டிருந்தாள்.

ஆராய்ச்சியம்மா முழங்கால் சேற்றைத் தட்டிவிட்டு எழுந்து, சிரித்த முகமாகச் சொன்னார்:

"இங்க வந்து மேயற மாட்டை மட்டும் விரட்டிடாதீங்க."