லைன்ல போடாதீங்க

"ஆன்லைன் எல்லாம் வேணாம்மா. காட்பாடி காலேஜுக்கே நேர்ல போய்ப் படி."

மேனேஜர் நிசார் அஹமது மறுபடியும் இதையே சொன்னபோது பூங்குழலிக்குச் சுருக்கென்றது.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தையல் லைனுக்குப் போகும் தோலைத் தரம் பார்ப்பது அவள் வேலை. எம்.பி.ஏ.வுக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று ஆன்லைன், சாயங்காலம் வீட்டிலிருந்தே படிக்கலாம். இன்னொன்று காட்பாடியில், வெள்ளியும் சனியும் நேரில் போக வேண்டும். திங்கட்கிழமைக்குள் ஏதாவது ஒன்றில் சேர்ந்தாக வேண்டும்.

"லீவே போடாம படிக்கிறேன்னா எந்த மேனேஜரும் சந்தோஷந்தானே படணும்? இவரு இன்னாத்துக்கு உன்னை ஊரை விட்டுத் தள்றாரு?" என்று கேன்டீனில் கேட்டாள், தையல் மெஷினில் வேலை பார்க்கும் மெர்சி.

"நல்லதுக்குத்தான் சொல்றாருன்னு நெனச்சேன்க்கா."

"நெனப்பே, நெனப்பே! புதுசா வந்திருக்காளே வஹீதா, யாருன்னு தெரியுமா? சாரோட அண்ணன் பொண்ணு. நீ பாட்டுக்குக் காட்பாடிக்கு ரயில் ஏறு. திரும்பி வந்து பாத்தா உன் டேபிள்ல அவ டிபன் பாக்ஸ் இருக்கும்."

பூங்குழலி சாப்பாட்டைப் பாதியிலேயே மூடி வைத்தாள். வீட்டில் சம்பளம் வாங்குவது அவள் ஒருத்திதான். படிப்புக்காக வேலையை விட அவளால் முடியாது.

அன்றைக்கென்று பார்த்து நிசார், வஹீதாவைக் கூட்டிவந்து அவள் பக்கத்தில் நிறுத்தினார்.

"பூங்குழலி, இவளுக்கு எல்லாத்தையும் சொல்லிக்குடு. ஒண்ணு விடாம."

தூரத்திலிருந்து மெர்சி புருவத்தைத் தூக்கிக் காட்டினாள். 'பாத்தியா, நான் சொல்லல?'

பூங்குழலி சொல்லிக்கொடுத்தாள். கீறல், உண்ணி கடித்த தழும்பு, சாயம் திட்டாக நிற்கும் இடம் எல்லாம் காட்டினாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். தோலின் மேல்பக்கம் உள்ளே போகும்படி மடித்து, சுருக்கம் பெரிதாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி விழும் தோல், ஷூ ஆனதும் தொளதொளத்துப் போகும். மடிக்காமல் பார்த்தால் நல்ல தோல் மாதிரியேதான் இருக்கும்.

"அவ்ளோதானாக்கா?" என்று கேட்டாள் வஹீதா.

"அவ்ளோதான்."

சாயங்காலம் ஆபீஸ் ரூமைத் தாண்டும்போது நிசார் போனில் பேசுவது கேட்டது. மெஷின் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"...பூங்குழலியை லைன்ல போடாதீங்க. ஆமா, அடுத்த மாசத்துல இருந்து. வஹீதாவைப் போடுங்க..."

லைனில் போடவில்லை என்றால் அந்தக் கம்பெனியில் வேலை இல்லை என்று அர்த்தம்.

மறுநாள் காலை நிசார், வஹீதாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு தோலுடன் அவள் டேபிளுக்கே வந்தார். வஹீதா சரி பார்த்து அனுப்பிய தோல். மடித்துக் காட்டினார். பட்டை பட்டையாகச் சுருக்கம் விழுந்தது.

"இதை அவளுக்குச் சொல்லிக்குடுக்கலயா?"

"சொல்லிக்குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போறதா சார்?"

வாயைத் திறந்த பிறகு நிறுத்த முடியவில்லை. போனில் கேட்டதை எல்லாம் கொட்டித் தீர்த்தாள்.

"உங்க அண்ணன் பொண்ணுக்கு என் வேலை வேணும்னா நேரா சொல்லிடுங்க. காலேஜுக்குப் போ, காலேஜுக்குப் போன்னு சுத்தி வளைக்காதீங்க. நான் ஆன்லைன்லயே சேந்துக்கறேன். இங்கயேதான் இருப்பேன்."

மெர்சி சட்டென்று குனிந்து ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்தாள்.

நிசாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டார்.

"வெள்ளி, சனி ரெண்டு நாளும் லைன்ல போடாதீங்கன்னு சொன்னேன்மா! முன்னாடி உள்ளதை விட்டுட்டு பின்னாடி உள்ளதைக் கேட்டிருக்கே. அந்த ரெண்டு நாள் உன் வேலையை வஹீதா பாத்துக்குவா. மத்த நாள் அவளுக்கு ஸ்டோர்ல வேலை. உன் டேபிள் உனக்குத்தான். எச்.ஆர்.கிட்ட பேசி முடிச்சுட்டு உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தேன்."

பூங்குழலிக்கு முகம் சிவந்தது. பக்கத்தில் நின்ற வஹீதாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆனாலும் மனசில் கிடந்த முள் முழுசாக வெளியே வரவில்லை.

"அது சரி சார். ஆன்லைன்ல படிச்சா உங்களுக்கு இந்தப் பேஜாரே இல்லையே. ஆள் மாத்த வேணாம், எச்.ஆர்.கிட்ட பேச வேணாம். அப்புறம் ஏன் அதை வேணாம்ங்கறீங்க?"

நிசாரின் சிரிப்பு அடங்கியது. கையிலிருந்த தோலைத் தடவியபடி, கொஞ்சம் தயங்கிச் சொன்னார்:

"ஆன்லைன்னா க்ளாஸ் நேரத்துல நீ ஆம்பூர்லதானேம்மா இருப்பே? ஷிப்மென்ட் அவசரம்னா, 'கொஞ்சம் வந்துட்டுப் போயிடு'ன்னு உனக்குப் போன் போடற மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."